மூன்றாவது ஓட்டை

பயந்தாங்கொள்ளி என்று யாராவது என்னைச் சொன்னால் எனக்குக் கோபம் வருவதில்லை. ஒரு ஆயுசு பூராவும் குதிரை லாயத்தில் வேலை பார்த்துவிட்டு, பல்லும் விரலும் முழுசாக வெளியே வந்திருக்கிறேன் என்றால் அதற்குக் காரணம் பயம்தான். பயமே இல்லாதவர்களும் என்னோடு வேலைக்குச் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு இடது காது பாதிதான் இருக்கிறது.

இதை எழுதச் சொன்னவர்கள், நான் கடைசியாக வேலை பார்த்த ரைடிங் கிளப்பின் புதிய ஆட்கள். ஆண்டு மலர் போடுகிறார்களாம். இப்போது அங்கே ஒவ்வொரு அறையிலும் கேமரா இருக்கிறது. குதிரை தும்மினால் கைப்பேசிக்குச் செய்தி போகிறது. "அங்கிள், காத்துக் குடிக்கிற குதிரைய நீங்கல்லாம் அந்தக் காலத்துல எப்படி நிப்பாட்டுனீங்க? அத எழுதுங்க லா" என்று ஒரு பெண் போனில் கேட்டாள். அந்தக் காலமாம்! நான் ஓய்வு பெற்றது போன கிறிஸ்மஸுக்குத்தான். "நிப்பாட்டவே இல்லம்மா" என்றேன். சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.

காற்றுக் குடிப்பது என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அறைக்குள் அடைபட்டே நிற்கும் குதிரை, கதவின் மேல் விளிம்பையோ தீனித் தொட்டியின் ஓரத்தையோ முன்பற்களால் பிடித்துக்கொள்ளும். கழுத்தை வளைத்துப் பின்னால் இழுக்கும். தொண்டைக்குள் காற்று இறங்கும்போது 'கக்க்' என்று ஒரு சத்தம் வரும், ஏப்பத்தைத் திருப்பி விழுங்கின மாதிரி. சில குதிரைகளுக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் வேண்டாம், சும்மா நின்றபடியே இழுக்கும். பழகிவிட்டால் லேசில் விடாது. பல் தேயும், உடம்பு இளைக்கும், வயிற்றுவலி எப்போது வருமோ என்று நமக்குப் பக்கென்று இருக்கும். ஏன் செய்கிறது என்று டாக்டர்களைக் கேட்டால் வயிற்றுப் புண், புல் போதாமை, தனிமை, அடைத்து வைப்பது என்று வரிசையாகச் சொல்வார்கள். எனக்குத் தெரிந்தது, அந்த நேரத்தில் குதிரையின் கண் பாதி மூடிவிடும். அதற்கு அதில் ஏதோ ஆறுதல் இருக்கிறது.

என் அப்பா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன். அண்ணன்மார் இரண்டு பேரும் ரயில்வேக்கே போனார்கள். எனக்கு இன்ஜின் சத்தம் என்றால் பயம், அதனால் குதிரைக்குப் போனேன். இதைச் சொன்னபோது அப்பா சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுச் சிரித்தார். பந்தயக் குதிரை லாயம் ஒன்றில் சைஸ் வேலை கிடைத்தது. சைஸ் என்றால் குதிரையைக் குளிப்பாட்டி, தீனி போட்டு, லத்தி அள்ளி, நடத்திக்கொண்டு போகிற ஆள். முதல் சில வருஷங்களில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: பின்னால் போகாதே, போனால் குரல் கொடுத்துவிட்டுப் போ.

அந்த லாயத்தில் காற்றுக் குடிப்பதற்கு ஒரே வைத்தியம் சிலி பாடி. ஊசி மிளகாயை அம்மியில் அரைத்து, பழைய எண்ணெயில் குழைத்து, கதவு விளிம்பில் தடவுவோம். முதலில் குதிரை உதட்டைத் தூக்கிக்கொண்டு நம்மைக் கெட்ட பார்வை பார்க்கும். அப்புறம் அதுவும் பழகிவிடும். ஒரு குதிரை, தடவாத கதவைத் தொடவே தொடாது, தடவின கதவைத்தான் தேடிப் போய்க் கடிக்கும். "இது நம்மாளு குதிரைடா, ரசம் கேக்குது" என்று சொல்லிச் சிரிப்பார்கள். அந்தக் கையோடு ஒருநாள் நான் கண்ணைத் தேய்த்துவிட்டு, இரண்டு பேர் பிடித்துக் குழாயடிக்குக் கொண்டுபோக வேண்டியதாகிவிட்டது.

ஆனால் என் பயம் பிறந்ததும் அங்கேதான். கிங் என்று ஒரு கறுப்புக் குதிரை. சதா காற்றுக் குடிக்கும். மிளகாய்க்கு மசியவில்லை என்று அதன் தொண்டையைச் சுற்றிப் பட்டை மாட்டினார்கள். கழுத்தை வளைத்தால் பட்டை அழுத்தும், அதனால் வளைக்காது, சத்தமும் வராது. வரவில்லை. லாயமே அமைதியாக இருக்கிறது என்று எல்லோருக்கும் சந்தோஷம். ஒருநாள் காலையில் வாளிகளோடு அந்த அறையைத் தாண்டி எல்லோரும் போகிறோம், வருகிறோம், உள்ளே சத்தமே இல்லை. கடைசியில் ஒருவர் எட்டிப் பார்த்தபோது கிங் தரையில் கிடந்தது, வியர்வையில் ஊறி, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு. மதியத்துக்குள் போய்விட்டது. குடல் சிக்கிக்கொண்டது என்றார் டாக்டர். பட்டையால் செத்தது என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆனால் அதிலிருந்து சத்தம் போடுகிற குதிரையைக் கண்டு நான் பயந்ததில்லை. சத்தம் நின்றால்தான் எனக்குப் பயம்.

பிறகு பந்தயத்தை விட்டுவிட்டு ரைடிங் கிளப்புக்கு வந்து, போகப் போக மண்டோர், அதாவது சைஸ்களுக்கு மேஸ்திரி, ஆனேன். மேனேஜர் மிஸ் கிரேஸ். கிள்ளானைச் சேர்ந்த மெதடிஸ்ட் குடும்பம். வயதில் என்னைவிட இளையவர், ஆனாலும் அவர் வருவது தெரிந்தால் நான் தொப்பியைக் கழற்றிவிடுவேன். அவர் சத்தம் போடமாட்டார். போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. எங்களிடம் எப்போதும் இங்கிலீஷும் மலாயும் கலந்துதான் பேசுவார், வேலை சொல்வதற்கு முன்னாலேயே தேங்க் யூ சொல்லிவிடுவார். கோபம் வந்தால் மட்டும் தமிழுக்கு மாறுவார். அதுவும் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் வேதம் வாசிக்கிற தமிழ். "அந்தோணி, சற்று இங்கே வாருங்கள்" என்றால் நம் கதை முடிந்தது. ஈரமான சேணத்தை வெயிலில் காயப்போட்ட ஒருவரைப் பார்த்து, "இதை எவர் செய்தீர்கள்?" என்றார். அந்த ஆள் அன்று மத்தியானம் சாப்பிடவே இல்லை.

காற்றுக் குடிக்கும் குதிரைக்குக் காலர், அதாவது அந்தத் தொண்டைப் பட்டை, மாட்டுவதை அவர் அடியோடு மறுக்கவில்லை, ஆனால் அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார். முதலில் புல். நாள் முழுக்க வாயில் ஏதாவது இருக்கவேண்டும், சின்னக் கண்ணுள்ள வலைப்பையில் புல்லைத் திணித்துத் தொங்கவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இழுக்க முடியும். இனிப்புத் தீனி குறைவு. வெயில் ஏறுவதற்குள் திடலில் அவிழ்த்துவிட வேண்டும். இதெல்லாம் செய்த பிறகும் ஓயாமல் இழுத்தால்தான் காலர். உள்பக்கம் ஆட்டுத்தோல் வைத்துத் தைத்தது. நம் ஊர்ப் புழுக்கத்துக்குத் தோல் வெந்துவிடும் என்பதால் தினமும் கழற்றிக் கழுவி, கழுத்தைத் துடைத்துப் பவுடர் போட வேண்டும். தீனி போடும்போது காலர் கழுத்தில் இருக்கவே கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு விரல். காலர் மாட்டியதும் தாடைக்குக் கீழே இரண்டு விரலை விட்டுப் பார்க்க வேண்டும். தாராளமாகப் போய் வரவேண்டும். மிஸ் கிரேஸ் தினமும் காலையில் காலர் போட்ட குதிரைகளிடம் நின்று, கைக்கடிகாரத்தைத் திருப்பி விட்டுக்கொண்டு, இரண்டு விரலை உள்ளே விட்டு, குதிரையின் கண்ணைப் பார்ப்பார். "அந்தோணி, இந்த காலர் நிப்பாட்டறதுக்கு இல்ல, கொறைக்கறதுக்கு. ரிமெம்பர்" என்று அந்தக் கலப்பு மொழியில் சொல்வார். நாங்கள் தலையாட்டுவோம்.

இப்போது தேனு என்கிற குதிரைக்கு வருகிறேன். அறைப் பலகையில் அவள் பெயர் ஹனி. மாரிமுத்துதான் தேனு ஆக்கினார். மாரிமுத்து பரமக்குடிப் பக்கத்திலிருந்து சைஸ் வேலைக்குப் பெர்மிட்டில் வந்தவர், நாற்பதை நெருங்கிய ஆள், குடும்பம் ஊரில். தேனுவிடம்தான் வீட்டுக் கதையெல்லாம் சொல்வார். செம்பட்டை நிறம், வயதான பெண் குதிரை, பிள்ளைகள் சவாரி பழகுவதற்கு அவளைப் போல ஒன்று கிடையாது. சேணத்தில் பிள்ளை சாய்ந்தால் தானாக நின்றுவிடுவாள். ஆனால் அறைக்குள் வந்தால் கக்க், கக்க் என்று ஓயாமல் காற்றுக் குடிப்பாள். கதவு விளிம்பில் தகரம் அடித்திருந்தோம், அதையும் தேய்த்துவிட்டாள்.

வினை பக்கத்து அறையிலிருந்து வந்தது. கமிட்டித் தலைவர் டத்தோவின் குதிரை அங்கே வந்து சேர்ந்தது. பெயர் சார்ஜென்ட், வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்தது. வந்த கொஞ்ச நாளில் அதுவும் கதவைப் பல்லால் பிடிக்க ஆரம்பித்தது. தேனுவைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது என்றார் டத்தோ. எங்கள் கால்நடை மருத்துவர் டாக்டர் அஸ்லினா, அப்படி யாரும் நிச்சயமாகச் சொல்ல முடியாது, சார்ஜென்ட்டும் நாள் முழுக்க அடைபட்டுத்தானே நிற்கிறது, வெளியே விடுங்கள் என்றார். வெளியே விட்டால் காலில் அடிபடுமே என்று டத்தோவுக்குப் பயம். பாவம், அவரும் பயந்த மனுஷன்தான். கமிட்டி கூடியது. சனிக்கிழமை காலை வந்து பார்ப்போம், காலர் போட்டு தேனு சத்தமில்லாமல் நின்றால் இருக்கட்டும், இல்லையென்றால் யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்று முடிவாயிற்று.

யாரிடமாவது! பல் தேய்ந்த, வயதான, காற்றுக் குடிக்கிற குதிரையை யார் வாங்குவார்கள்? அப்படிப் போன குதிரைகளைப் பற்றி, "எஸ்டேட்டுக்குப் போயிருக்கு" என்று நாங்கள் பிள்ளைகளிடம் சொல்வது வழக்கம். எந்த எஸ்டேட் என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. அந்த எஸ்டேட்டை நாங்களும் பார்த்ததில்லை.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. காலரை மூன்றாவது ஓட்டையில் மாட்டினேன். இரண்டு விரல் தாராளமாகப் போயிற்று. திடலில் விட்டோம், வலைப்பை மாற்றி மாற்றிப் புல் கொடுத்தோம். சத்தம் ரொம்பக் குறைந்தது. ஆனால் உருண்டைத் தீனி தின்று முடித்த கையோடு மட்டும், காலரை மாட்டுவதற்குள் ஆரம்பித்துவிடுவாள். காற்றுக் குடிக்கும் குதிரைகள் எல்லாமே அப்படித்தான், தீனிக்குப் பின்னால்தான் அதிகம். கமிட்டி வருவதோ காலைத் தீனி முடிகிற நேரம். "அண்ணே, அவங்க நிக்கிறப்ப ஒரு தடவ கக்குன்னுட்டா முடிஞ்சிச்சுல்ல?" என்றார் மாரிமுத்து. "வாய மூடு மாரி" என்றேன். அதே நினைப்புத்தான் எனக்கும் ஓடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை. செலாயாங் மொத்தச் சந்தையிலிருந்து வரும் லோரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டிருந்ததால் மோட்டார் சைக்கிளில்கூடத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தேன். வாசல் கூட்டியாகிவிட்டது, தண்ணீர் தெளித்தாகிவிட்டது. எல்லோரும் துவைத்த சட்டையில் இருந்தார்கள். தேனுவின் அறைப்பக்கம் சத்தமே இல்லை. நியாயமாக எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். கிங் ஞாபகம்தான் வந்தது.

ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நான் அந்த அறைக்குப் போனது அவள் எப்படி இருக்கிறாள் என்று பார்ப்பதற்கு மட்டுமல்ல. ஒரே ஒரு ஓட்டை இறுக்கிவிட்டு வரலாம் என்றுதான் போனேன். அவர்கள் வந்து போகிற வரைக்கும் மட்டும். அப்புறம் பழையபடி மூன்றுக்கே கொண்டுவந்துவிடலாம். கதவைத் திறந்து, "தேனும்மா" என்று குரல் கொடுத்துவிட்டு, பழக்கதோஷத்தில் முதலில் இரண்டு விரலைப் பட்டைக்குள் விட்டேன்.

போகவில்லை. ஒரு விரலும் போகவில்லை. நகம்கூட நுழையவில்லை.

அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். கழுத்தை முன்னால் நீட்டி வைத்திருந்தாள். மூக்குத் துவாரம் இரண்டிலும் பச்சையாக நுரை, அதில் மென்ற தீனி கலந்து ஒழுகுகிறது. வாயிலிருந்து எச்சில் கயிறாகத் தொங்குகிறது. இருமுகிறாள், விழுங்கப் பார்க்கிறாள், முடியவில்லை, கண் வெள்ளை தெரிய உருளுகிறது. தீனி தொண்டையில் அடைத்துவிட்டது. காலரைக் கழற்றாமல் தீனி போட்டிருக்கிறார்கள், அதுவும் இறுக்கின காலரோடு.

"ஐயோ மாதாவே" என்று கத்தினேன். கொக்கியைப் பிடித்தேன். பெல்ட் கழற்றியிருப்பீர்கள் அல்லவா? ஓட்டையிலிருந்து கொக்கியின் ஊசி வெளியே வரவேண்டுமானால் முதலில் பட்டையை இன்னும் கொஞ்சம் இழுக்க வேண்டும். மூச்சுக்குத் தவிக்கிற மாதிரி நிற்கிற ஜீவனின் கழுத்தில், இருக்கிற இறுக்கம் போதாதென்று நான் இன்னும் இறுக்க வேண்டும். வியர்வையில் தோல் ஊறிப் போயிருந்தது, ஊசி நகரவில்லை. இடுப்பில் குளம்புக் கத்தி இருந்தது. அறுத்துவிடலாம் என்று உருவினேன். அவள் தலையை உதறினாள். கத்தி முனை தாடைக்கு அடியில் மின்னியதைப் பார்த்ததும் என் கை செத்துவிட்டது. கத்தியைப் போட்டுவிட்டேன். இரண்டு கையாலும் பட்டையைப் பிடித்து, "மன்னிச்சிக்கம்மா, மன்னிச்சிக்கம்மா" என்று சொல்லிக்கொண்டே இழுத்து இறுக்கினேன். அவள் முன்னங்கால் மடங்கியது. ஊசி கழன்றது. பட்டை என் கையோடு வந்தது.

பட்டை போய்விட்டது, ஆனால் அடைப்பு போகவில்லை. இருமல் நிற்கவில்லை. அதற்குள் மாரிமுத்து ஓடி வந்தார், கையில் ஒரு பாட்டில். ஓமமும் பெருங்காயமும் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர். வயிறு உப்பினால் மனுஷனுக்கும் குதிரைக்கும் அவருடைய ஊரில் அதுதான் மருந்து.

"காத்து அடைச்சுக்கிச்சு அண்ணே! தலையத் தூக்கிப் புடிங்க, ஊத்திருவோம்!"

"வேணாம் மாரி, இது வயித்து வலி இல்ல!"

"புடிங்கண்ணே, செத்துரும்ணே!" அவர் அழுதுகொண்டே தேனுவின் தாடையைத் தூக்கிவிட்டார். பாட்டில் வாய் உதட்டில் பட்டுவிட்டது. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தொங்கினேன். என்னைவிடப் பலசாலி அவர். அப்போது பின்னாலிருந்து மிஸ் கிரேஸ் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி ஓடி வந்தார். அதற்குள்ளிருந்து டாக்டர் அஸ்லினாவின் குரல் லாயம் முழுக்கக் கேட்டது. "ஜாங்ஙான் பாகி ஆபா-ஆபா! எதுவும் குடுக்காதீங்க! தலைய கீழ விடுங்க! கீழ!" தொண்டை அடைத்திருக்கும்போது ஊற்றினால் அத்தனையும் நுரையீரலுக்குப் போய்விடும். மாரிமுத்து பாட்டிலைக் கீழே வைத்தார்.

டாக்டரும் அந்த லோரிகளுக்குப் பின்னால்தான் மாட்டிக்கொண்டிருந்தார். அவர் வருகிற வரைக்கும் எங்களால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை. தண்ணீர் வாளியை வெளியே வைத்தோம், புல்லை அகற்றினோம், தலை தாழ்ந்தே இருக்கும்படி கழுத்தைத் தடவிக்கொடுத்துக்கொண்டு நின்றோம். ஒவ்வொரு இருமலுக்கும் எனக்கு உயிர் போய் வந்தது. அருள் நிறைந்த மரியே ஆரம்பித்து, பாதியில் மறந்து, திரும்ப ஆரம்பித்துக்கொண்டிருந்தேன். மிஸ் கிரேஸ் கைக்கடிகாரத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

டாக்டர் வந்ததும் கழுத்து நரம்பில் மயக்க ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் தேனுவின் தலை முழங்கால் வரைக்கும் தொங்கியது. மூக்கு வழியாக ஒரு ரப்பர் குழாயை மெல்ல மெல்லச் செலுத்தினார். அடைப்பில் முட்டி நின்றது. இடிக்கவில்லை, தள்ளவில்லை. நான் வெதுவெதுப்பான தண்ணீரைப் புனலில் ஊற்ற, அது போய் அடைப்பை நனைத்துவிட்டுத் தீனித் துகளோடு மூக்கு வழியாகவே திரும்பிக் கொட்டியது. மறுபடி ஊற்றினேன். மறுபடி கொட்டியது. என் சட்டை, அவர் சட்டை எல்லாம் பச்சை. வாளி வாளியாகப் போன பிறகு குழாய் வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கியது. டாக்டர் குழாய் முனையில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "டவுன். வயித்துக்குப் போயிருச்சு" என்றார். மாரிமுத்து சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நுரையீரலுக்கு எவ்வளவு போயிருக்குன்னு இப்ப தெரியாது. மயக்கம் தெளியட்டும். தெளிஞ்சு அவ எப்படி நிக்கிறாங்கிறதுதான் முக்கியம்" என்றார் டாக்டர்.

நான் காலரை மிஸ் கிரேஸிடம் நீட்டினேன். ஐந்தாவது ஓட்டையைச் சுற்றித் தோல் புதிதாக மடிந்திருந்தது. "நேத்து சாயங்காலம் மூணுல இருந்திச்சு மிஸ்" என்றேன்.

தரையில் உட்கார்ந்திருந்த மாரிமுத்து தலையைத் தூக்கவில்லை. "ஒண்ணு நாந்தான் போட்டேன் மிஸ். தின்னதும் சத்தம் போட்டுருவாளேன்னு கழட்டாமலே தீனி போட்டேன். எல்லாம் நாந்தான்."

"ஒன்று மட்டுமா?"

"சத்தியமா ஒண்ணுதான் மிஸ்."

மிஸ் கிரேஸ் காலரை என் கையிலிருந்து வாங்கினார். "இன்னொண்ணு நான்" என்றார் இங்கிலீஷில். "காலைல ஃபர்ஸ்ட் வந்தது நான்தான். அவ இருக்கணும்னுதான், அந்தோணி."

"நானும் ஒண்ணு போடத்தான் மிஸ் வந்தேன்" என்றேன். கடைசியாக வந்ததால்தான் என் விரல் நுழையவில்லை. முதலில் வந்திருந்தால் நானும் அவர்களில் ஒருவன். எங்களில் ஒருவருக்கும் அவள்மேல் கோபமில்லை, எல்லோருக்கும் அவள் வேண்டும், ஆளுக்கு ஒரு ஓட்டையாகக் கொல்லப் பார்த்தோம்.

அப்போது வாசலில் கார்கள் வந்து நிற்கும் சத்தம். டாக்டர் குழாயைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தார். டத்தோவும் கமிட்டி ஆட்களும் சென்ட் வாசனையோடு உள்ளே வந்தார்கள். சார்ஜென்ட்டின் மூக்கைத் தடவிவிட்டு, டத்தோ தேனுவின் அறைக்கு முன்னால் வந்து நின்றார். தலையைச் சாய்த்துக் கேட்டார். தேனு கண்ணைப் பாதி மூடி, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, அசையாமல் நின்றாள். ஒரு சத்தமும் இல்லை.

"பாகுஸ், பாகுஸ். ரொம்ப நல்லா இருக்கே" என்றார் மலாயில். முகம் மலர்ந்துவிட்டது. "சத்தமே இல்ல. காலர் வேலை செய்யுது போல."

மாரிமுத்து என்னைப் பார்த்தார். நான் மிஸ் கிரேஸைப் பார்த்தேன். காலர் அவர் முதுகுக்குப் பின்னால் கையில் இருந்தது. அவர் 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தேனுவுக்கு இடம் நிச்சயம். டத்தோ கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். சொல்லுங்கள் மிஸ், சொல்லிவிடுங்கள் என்று என் மனசு அடித்துக்கொண்டது.

மிஸ் கிரேஸ் கையை முன்னால் கொண்டுவந்து காலரைக் காட்டினார். "காலர் இல்ல டத்தோ. மயக்க ஊசி. நீங்க வர்றீங்கன்னு நாங்க இத இறுக்கிட்டோம். கொஞ்சம் விட்டிருந்தா செத்திருப்பா" என்று இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னார்.

டத்தோவின் சிரிப்பு அடங்கியது. "மயக்கம் தெளிஞ்சா?" என்று கேட்டார்.

எல்லோரும் அறைக்குள் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்போது நான் பட்ட பயம் மாதிரி என் வாழ்நாளில் பட்டதில்லை. அவள் சத்தம் போட்டால் போய்விடுவாள். போடாவிட்டால் நெஞ்சில் தண்ணீர் ஏறிவிட்டது என்று அர்த்தமோ என்னவோ, அப்போதும் போய்விடுவாள். எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் வாய் மட்டும் மரியே மரியே என்றது. ஒரு காது அசைந்தது. கீழ் உதடு துடித்தது. தலை கொஞ்சம் கொஞ்சமாக எழும்பியது. தள்ளாடிக்கொண்டு இரண்டடி முன்னால் வந்தாள். கமிட்டி முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, டத்தோவின் கைக்கு அருகில், தேய்ந்த பல்லால் கதவு விளிம்பைப் பிடித்தாள். கழுத்தை வளைத்தாள்.

கக்க்.

நான் ஓவென்று அழுதுவிட்டேன். மாரிமுத்து, "தேனு... தேனு..." என்று எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டார். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு பார்க்கிறேன், மிஸ் கிரேஸ் அவள் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். வேத வாசிப்புத் தமிழ் இல்லை. கிள்ளானில் அவர் வீட்டுச் சமையலறையில் பேசுகிற தமிழாக இருக்க வேண்டும். "குடி தாயி. நல்லா குடி. எவன் என்ன சொல்றான்னு பாத்துக்கலாம்."

"என்ன சொல்றாங்க?" என்று டத்தோ என்னிடம் கேட்டார்.

"உயிரோட இருக்கான்னு சொல்றாங்க டத்தோ" என்றேன்.

அவர் தேனுவைப் பார்த்தார். காலரை வாங்கி, அந்த ஐந்தாவது ஓட்டையில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். தேனு இருக்கலாம் என்று அவர் சொல்லவில்லை. "என் குதிரைய அந்தப் பக்க வரிசைக்கு மாத்திருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். அவரைத் தொடர்ந்து கமிட்டியும் போயிற்று. கொடுத்துவிடுகிற பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

அன்று மத்தியானம் மிஸ் கிரேஸ் என் குளம்புக் கத்தியை வாங்கி, பட்டையில் மூன்றாவது ஓட்டையையும் அதற்கு அப்பால் இருந்தவற்றையும் ஒரே கீறலாகக் கிழித்துவிட்டார், இனி எவ்வளவு இறுக்கினாலும் ஊசி மூன்றுக்கே நழுவி வந்துவிடும். லாயத்தில் இருந்த காலர்கள் எல்லாவற்றையும் அப்படியே செய்தார். ஆபீஸ் ஆணியில் ஓட்டை கிழித்த காலர்கள் ஏன் தொங்குகின்றன என்று புதிய ஆட்கள் கேட்டார்களாம். அதற்குப் பதில் இதுதான்.

டாக்டர் நுரையீரலுக்கு மருந்து கொடுத்துக்கொண்டே இருந்தார், ஊறவைத்த தீனியையே கொடுத்தோம், பிழைத்துவிட்டாள். இப்போது பிள்ளைகளைச் சுமப்பதில்லை. திடலோரத்துக் கொட்டகையில் ஒரு மட்டக்குதிரையோடு இருக்கிறாள், மாரிமுத்து பார்த்துக்கொள்கிறார். நான் பிரிக்பீல்ட்ஸில் மகள் வீட்டு அடுக்குமாடியில் இருக்கிறேன். கீழே ரயில் போகிற சத்தம் கேட்கும், அதற்கு இப்போது பயமில்லை.

சனிக்கிழமைகளில் காலைத் தீனி முடிந்ததும் மாரிமுத்து எனக்கு போன் போடுவார். எடுத்தால் ஹலோ என்று சொல்லமாட்டார். போனைக் கொட்டகைக் கம்பிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்வார். சில வாரம் உடனே கேட்கும். சில வாரம் அவள் வாயில் புல் இருக்கும், நேரம் எடுக்கும். போன வாரம் ரொம்ப நேரம் எடுத்தது. மகள் காப்பியை வைத்துவிட்டு, "அப்பா, ஏன் இப்படி வேர்க்குது?" என்று கேட்டாள். நான் கையைக் காட்டி அவளைப் பேசாதே என்றேன். காற்று இரைச்சல், தூரத்தில் ஒரு லோரி, மாரிமுத்துவின் மூச்சு. அப்புறம் கக்க்.

"கேட்டுச்சாண்ணே?" என்றார் மாரிமுத்து.

"கேட்டுச்சு மாரி" என்றேன். "இன்னும் கொஞ்ச நேரம் புடி."